கார்ப்பரலின் ஏழு வாரம்

ஜேனிஸ் ஆக்ஸ்டபி பள்ளிக்கூடச் சமையல்காரி. தினமும் இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. பதினெட்டு வருடத்தில் ஒருநாள்கூடச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு அவள் அடுப்பு எரிந்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒரு தேதியைத் தப்பாக எண்ணிவிட்டாள். அதனால் ஓர் உயிர் போகப் பார்த்தது. இந்த வசந்தத்தில் எங்கள் சேப்பல் தெருவில் வேறு பேச்சே இல்லை.

தெருவில் முப்பத்தொரு வீடு. ஒன்பது வீட்டில் ஃபெரெட் உண்டு. கீரிப்பிள்ளையின் உடம்பு, கள்ளனின் கை. ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமை முயல் பிடிக்க வளர்த்தவை. இப்போது முயல் கறி யாருக்கும் வேண்டாம். ஃபெரெட் மட்டும் வீட்டுக்குள் வந்து சோபாவில் ஏறிவிட்டது.

ஜேனிஸ் வீட்டில் ஐந்து. மகள் கல்யாணமாகி லீட்ஸுக்குப் போன மறுவாரமே அவள் அறை அவற்றுக்குப் போய்விட்டது. தொங்கு படுக்கை, தகரக் குழாய், பழைய ஜீன்ஸின் கால். காலை ஐந்தரைக்கு ஜேனிஸ் எழுந்து கோழிக் கழுத்தும் ஈரலும் வைப்பாள். மூலைகளைத் துடைப்பாள், ஃபெரெட் எங்கே விட்டாலும் பின்னாலேயே நகர்ந்து போய் ஒரு மூலையில்தான் வெளிக்கு இருக்கும். ஞாயிறு காலை ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் நிறுத்துவாள். பிறகு நகம். மல்லாக்கப் போட்டு வயிற்றில் இரண்டு சொட்டு மீன் எண்ணெய் விட்டால் போதும், அது தன் வயிற்றை நக்கி முடிப்பதற்குள் பதினெட்டு நகத்தையும் வெட்டிவிடலாம். மீதி இரண்டுக்குத்தான் கடி விழும்.

அவள் கணவன் கீத், லாரி ஓட்டி ஓய்ந்தவன். ஃபெரெட் பிடிக்காது என்று ஊரெல்லாம் சொல்வான். சொல்லும்போதே அவன் கம்பளிச் சட்டையின் கழுத்து வழியாக ஒரு மூக்கு எட்டிப்பார்க்கும்.

"அது குளிருக்கு வந்து படுத்திருக்கு. நான் என்ன பண்ண?" என்பான்.

இந்த ஒன்பது வீட்டையும் ஜேனிஸோடு சேர்த்துக் கட்டிப்போட்டது ஒரு விஷயம்தான். பெட்டை ஃபெரெட் வசந்தத்தில் பருவத்துக்கு வந்தால் தானாக அடங்காது. கடுவனோடு சேர வேண்டும். சேராவிட்டால் வாரம் ஏற ஏற இரத்தம் சுண்டும், ஈறு வெளுக்கும், முடி கொட்டும், கடைசியில் செத்துப்போகும். சேர்ந்தால் ஏழெட்டுக் குட்டி. அத்தனை குட்டியை எங்கே வைப்பது? சின்ன வயதிலேயே கருப்பையை எடுத்துவிட்டால் பிற்காலத்தில் வேறு நோய் வருகிறது என்று எங்கள் ஆட்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆகவே தெருவுக்குப் பொதுவாக ஒரு கடுவன். அதற்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆகியிருக்கும். ஆசைக்குக் குறைவில்லை, வித்து மட்டும் வராது. வைக்கோல் போட்ட மரப்பெட்டியில் வீடு வீடாகப் போகும். பெட்டை அடங்கிவிடும். நாற்பத்திரண்டு நாள் பொய்ச்சினை, அவ்வளவுதான். கடுவனைத் திருப்பி அனுப்பும்போது பெட்டியில் ஒரு கோழி முட்டை வைக்க வேண்டும். வாடகை கிடையாது, மரியாதை.

அந்தக் கடுவன் இருக்கும் வீடு ஜேனிஸ் வீடு. எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று முடிவு செய்பவள் அவள். பதினோரு வருடமாக அப்படித்தான்.

ஜனவரியில் எங்கள் கிழட்டுக் கடுவன் மேஜர் தூக்கத்திலேயே போய்விட்டது. எட்டு வயது, யாரும் அழவில்லை, எல்லாருக்கும் கவலை வந்தது. பருவத்துக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. ஜேனிஸ் ராதர்ஹாம் பக்கம் போய் ஒரு வயதுக் கடுவன் ஒன்றை வாங்கி வந்தாள். முகத்தில் கறுப்புக் கண்கட்டு, எதையும் கடித்துப் பார்க்கும் ஆர்வம். மேஜருக்குப் பின் வந்ததால் கார்ப்பரல் என்று பெயர்.

பிப்ரவரி இருபத்தேழு, திங்கள்கிழமை, மிருக டாக்டரிடம் கத்தி வைக்க நாள் வாங்கினாள். கத்தி வைத்தாலும் உடனே வேலைக்கு அனுப்ப முடியாது. உள்ளே ஏற்கெனவே இருப்பது தீர ஏழு வாரம் ஆகும். இதை எங்கள் தெருவில் பால்காரர்கூடச் சொல்வார். ஜேனிஸ் சமையலறைக் காலண்டரில் பிப்ரவரி இருபத்தேழைச் சிவப்பில் வட்டமிட்டு, அங்கிருந்து ஏழு வாரம் எண்ணி, ஏப்ரல் பதினேழைப் பச்சையில் வட்டமிட்டாள்.

பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி கீத்துக்கு ஃப்ளூ வந்தது.

மனிதர் சளி ஃபெரெட்டுக்கு அப்படியே ஒட்டும். ஜேனிஸ் அவனை மாடியில் அடைத்துச் சாப்பாட்டை வாசலில் வைத்தாள். ஆனால் அவள் பள்ளிக்குப் போன நேரத்தில் அவன் கீழே வந்து, கார்ப்பரலை மார்பில் படுக்கவைத்துக்கொண்டு ரக்பி பார்த்திருக்கிறான். ஞாயிறு காலை தராசில் நிற்கும்போது கார்ப்பரல் மூன்று தும்மல் போட்டது.

"இவனத் தொட்டியா நீ?"

"தொடல. அவன்தான் என்னத் தொட்டான்."

தும்முகிற மிருகத்துக்கு மயக்க மருந்து கொடுக்க முடியாது. டாக்டர் மூன்று வாரம் தள்ளிப்போட்டார். அந்த மூன்று வாரமும் ஜேனிஸ் கார்ப்பரலுக்குக் கோழிச் சாறு ஊட்டி, மூக்கைத் துடைத்து, மற்ற நான்கையும் தனியாக வைத்து, நடுவில் தானும் படுத்து எழுந்தாள். எழுந்தபோது பள்ளியில் ஆய்வாளர் வருகை. கத்தி வைக்கும் நாளன்று கார்ப்பரலைக் கூட்டிப் போனது கீத்தான். காலண்டரில் சிவப்பு வட்டமும் பச்சை வட்டமும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இனி ட்ரெவர் மிக்கிள்த்வெய்ட்டைச் சொல்ல வேண்டும். தெருக்கோடி வீடு, எழுபத்தொரு வயது, தபால்காரராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "கேட்டுப் பார்த்தேன், ரெண்டு பேர் வேணாம்னாங்க, மூணாவது ஆளக் கேக்க வெக்கமாப் போச்சு" என்பார். அவரிடம் ஒரே ஒரு ஃபெரெட், டச்சஸ், வெள்ளைப் பெட்டை, ஐந்து வயது. அதற்கு இதயம் வீக்கம். காலையும் மாலையும் மாத்திரையில் கால் துண்டு, மீன் விழுதில் குழைத்து. மயக்க மருந்து கொடுத்தால் எழாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் கருப்பை எடுக்க முடியாது. பருவத்தை அடக்க ஊசி உண்டு. இரண்டு முறை போட்டதில் இரண்டு முறையும் முகம் வீங்கி மூச்சுத் திணறியது. ஆக, மற்ற வீடுகளுக்குக் கடுவன் ஒரு வசதி. டச்சஸுக்கு அதுதான் உயிர்.

இந்த வருடம் டச்சஸ் எல்லாருக்கும் முந்தி, மார்ச் பன்னிரண்டிலேயே பருவத்துக்கு வந்துவிட்டது. ஏப்ரல் இரண்டாம் வாரம் ட்ரெவர் அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு ஜேனிஸ் வீட்டுப் பின்வாசலில் நின்றார்.

"இவ வாலைப் பாரு. எலி வால் மாதிரி ஆயிட்டுது."

ஜேனிஸ் அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். பழைய வெண்ணெய் நிறம்.

"இன்னும் அஞ்சு நாள் பொறுய்யா. பதினேழாந்தேதி."

"உன் காலண்டருக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"இல்ல. அதனாலதான் அத நம்பறேன். உன்ன மாதிரி ஆளுங்க பேச்சக் கேட்டா தெரு முழுக்கக் குட்டியாத் திரியும்."

"ஒரே ஒரு நாள் முந்தி?"

"ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. குட்டி போட்டா இவ தாங்குவாளா? நீயே சொல்லு."

ட்ரெவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனார். ஐந்து நாளும் ஈரலை அரைத்து ஊட்டினார்.

பதினேழாம் தேதி பள்ளி முடிந்த கையோடு ஜேனிஸ் பெட்டியைத் தூக்கிப் போனாள். ஃபெரெட் சேர்க்கை பார்ப்பவர்களுக்குப் பயமாக இருக்கும். கடுவன் பெட்டையின் பிடரியைக் கவ்வித் தரதரவென்று இழுக்கும், பெட்டை கத்தும், இது இரண்டு மணி நேரம்கூட நடக்கும். ட்ரெவர் வானொலியைச் சத்தமாக வைத்தார்.

"பக்கத்து வீட்டுல போலீசக் கூப்பிடப் போறாங்க."

"கூப்பிடட்டும். உன் வீட்டுல இந்தச் சத்தம் வருஷத்துக்கு ஒரு தடவதான் கேக்குது, அதான் அவங்களுக்குச் சந்தேகம்."

"ரொம்பப் பேசாத. டீயக் குடி."

புதன்கிழமை கார்ப்பரல் சாண்ட்ரா வீட்டுக்குப் போனது. சாண்ட்ரா முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். அவளுடைய பெட்டை பிஸ்கட். வியாழக்கிழமை ஜேனிஸின் சொந்தப் பெட்டை நெட்டில். மற்ற வீட்டுப் பெட்டைகள் இன்னும் பருவத்துக்கு வரவில்லை. பத்து நாளில் டச்சஸின் ஈறு சிவந்தது. ட்ரெவர் முட்டை ஒன்றுக்குப் பதில் ஆறு அனுப்பினார்.

ஏப்ரல் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை. ஜேனிஸும் கீத்தும் கடையிலிருந்து மீனும் உருளை வறுவலும் வாங்கி வந்து காகிதத்தைப் பிரித்தார்கள். கார்ப்பரல் கீத்தின் மடியில் மல்லாந்து கிடந்தது.

"இவனுக்கு ஏன் இன்னும் முடி முளைக்கல?" என்றான் கீத். "டாக்டர் சிரைச்ச இடம் இன்னும் முள்ளு முள்ளா இருக்கு பாரு."

"முளைக்கும். ரெண்டு மாசம் ஆகுமில்ல."

"ரெண்டு மாசமா? இன்னும் ஆறு வாரம்கூட ஆகலையே."

"எட்டு வாரம் முடிஞ்சு ஒம்பது நடக்குது."

"ஏய், அன்னையர் ஞாயிறுக்கு மறுநாள்தானே நான் கூட்டிட்டுப் போனேன். உன் பொண்ணு கொடுத்த பூங்கொத்து வண்டிக்குள்ளயே கிடந்து, இவன் அதுல பாதியத் தின்னுட்டான். டாக்டர்கூடச் சிரிச்சாங்க."

ஜேனிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அன்னையர் ஞாயிறு மார்ச் பத்தொன்பது. எழுந்து போய்க் காலண்டரைத் திருப்பினாள். மார்ச் இருபதில் வட்டம் எதுவும் இல்லை. அங்கிருந்து விரல் வைத்து எண்ணினாள். ஏழு வாரம் முடிவது மே எட்டு. கார்ப்பரல் டச்சஸிடம் போனது நான்கே வாரத்தில்.

"என்னாச்சு?" என்றான் கீத்.

"மீன் ஆறுது. நீ சாப்பிடு."

அவள் பின்கட்டில் ஐந்து நிமிடம் நின்றாளாம். பிறகு ஒருநாள் அவளே சொன்னாள், மறைத்துவிடலாமா என்று யோசித்ததாக. மறைக்க வழி இருந்தது. பொய்ச்சினைக்கும் மெய்ச்சினைக்கும் வெளியே வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் வயிறு உப்பும், பெட்டை தன் முடியைப் பிய்த்துக் கூடு கட்டும், பால்கூடச் சுரக்கும். டச்சஸ் நடுவில் செத்துப்போனாலும் இதயம்தான் காரணம் என்று ட்ரெவரே சொல்லியிருப்பார். சாண்ட்ரா வீட்டில் குட்டி விழுந்தால் டாக்டரின் கத்தியைக் குறை சொல்லிவிடலாம். ஐந்து நிமிடம் கழித்துக் கோட்டை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தாள்.

ட்ரெவர் கதவைத் திறந்ததும், "முட்டை பத்தலயா?" என்றார்.

"உக்காருய்யா. ஒண்ணு சொல்லணும்."

நின்றபடியே கேட்டார். அவள் தேதிகளைச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. ஃப்ளூ, ஆய்வாளர் எதையும் இழுக்கவில்லை. ட்ரெவர் திரும்பிப் பார்த்தார். அடுப்பருகே கூடையில் டச்சஸ் வயிறு தெரியப் படுத்திருந்தது.

"ஒரு மணி நேரம்கூடக் கிடையாதுன்னு சொன்ன."

"ஆமா."

"அஞ்சு நாளு இவ ஈறப் பாத்துப் பாத்து உக்காந்திருந்தேன். நீ சொன்னியேன்னு."

"தெரியும்."

"அந்தப் பள்ளிக்கூடத்துல இருநூறு பிள்ளைங்க எப்படி இன்னும் உயிரோட இருக்குன்னு எனக்குத் தெரியல."

இப்படிச் சொல்லிக் கதவைச் சாத்தினார். சத்தமில்லாமல் சாத்தினார். பிறகு ஜேனிஸ் சாண்ட்ராவிடம் போனாள். சாண்ட்ரா கத்தித் தீர்த்தாள். அது சுலபமாக இருந்தது.

சினையா இல்லையா என்று ஸ்கேனில் பார்க்க மூன்று வாரம் ஆக வேண்டும். மே எட்டாம் தேதி மூன்று பெட்டைகளையும் கொண்டுவரச் சொன்னார் டாக்டர் ஃபரா இக்பால். கார்ப்பரலுக்குக் கத்தி வைத்தவர் அவர்தான். எப்போதும் கீத்தின் காரில் வரும் ட்ரெவர் அன்று பேருந்தில் வந்தார். காத்திருக்கும் அறையில் ஜேனிஸுக்கு எதிரே உட்கார்ந்து சுவரில் ஒட்டியிருந்த உண்ணி எச்சரிக்கையை ஒரு வரி விடாமல் படித்தார்.

முதலில் பிஸ்கட். ஆறு குட்டி, எண்ண முடிந்தவரை. சாண்ட்ரா பெருமூச்சு விட்டாள். அடுத்து நெட்டில். ஒன்றும் இல்லை, பொய்ச்சினை.

"கடைசியாப் போனதுக்குச் சரக்கு தீந்திருக்கும்" என்றார் டாக்டர். "மொதல்ல யார்கிட்ட போச்சு?"

ட்ரெவர் டச்சஸை மேசையில் வைத்தார். திரையில் மூன்று புள்ளி துடித்தன.

"மூணு" என்றார் டாக்டர். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். "மயக்கம் கொடுத்து எடுக்க முடியாது, அது உங்களுக்கே தெரியும். மாத்திரைய கொஞ்சம் கூட்டறேன். மூணுதான், ரொம்பப் பெருசாகாது. சுமந்து பெத்துடுவான்னு நினைக்கறேன். எனக்குப் பயம் அதுக்கப்புறம்தான்."

"அப்புறம்னா?" என்றார் ட்ரெவர்.

"பால் கொடுக்கறது. ஆறு வாரம். ஃபெரெட் பால் கொடுக்கும்போது தன்னையே கரைச்சுக் கொடுக்கும், நல்ல திடமான பெட்டையே பாதியா இளைச்சிடும். இந்த இதயம் தாங்காது. பெத்த மறுநாளே குட்டிங்கள எடுத்துடணும்."

"எடுத்து?"

"வேற தாய்கிட்ட விடணும்."

ட்ரெவர் சாண்ட்ராவைப் பார்த்தார்.

"அவளுக்கே ஆறு இருக்கு" என்றாள் சாண்ட்ரா. "தலைச்சன் ஈத்து வேற. மேல மூணு போட்டா எல்லாத்தையும் கடிச்சுப் போட்டுடுவா."

டாக்டர் நெட்டில் இருந்த பெட்டியைப் பார்த்தார். "இவளுக்குக் குட்டி இல்ல. ஆனா உடம்புக்கு அது தெரியாது. பால் வரும். டச்சஸுக்கு மூணு நாள் பின்னாடி இருக்கா, அதான் ஒரே சிக்கல். நேரத்துக்குச் சுரக்கணும். ஏத்துக்கணும்."

"ஏத்துக்கலன்னா?"

"தின்னுடும்" என்றார் டாக்டர்.

ட்ரெவர் டச்சஸைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். அந்த அறையில் ஜேனிஸ் இருப்பதே தெரியாதவர்போல டாக்டரிடம் கேட்டார்: "அந்தம்மா வீட்டுலதான் விடணுமா?"

"வேற பெட்டை இருந்தாச் சொல்லுங்க."

இல்லை. தெருவில் கடுவனோடு சேர்ந்தவை மூன்றே மூன்று.

அடுத்த மூன்று வாரம் ஜேனிஸ் காலை ஐந்தரைக்குப் பதில் ஐந்துக்கு எழுந்தாள். கோழி, ஈரல், முட்டை மஞ்சள் மூன்றையும் அரைத்துச் சின்ன டப்பாவில் போட்டுப் பள்ளிக்குப் போகிற வழியில் ட்ரெவர் வாசலில் வைப்பாள். மாலை வரும்போது காலி டப்பா அதே இடத்தில் இருக்கும், கழுவாமல். தபால் வேலை பார்த்த மனிதர், ஒரு கரண்டியைக்கூடக் கழுவாமல் வைக்கமாட்டார். அது அவளுக்கான பதில் என்று ஜேனிஸ் புரிந்துகொண்டாள். எடுத்துக் கழுவி மறுநாள் வைத்தாள்.

வீட்டுச் சமையலறையில் ஒரு வைக்கோல் பெட்டிக்குள் நெட்டில் கூடு கட்டத் தொடங்கியது. வால் முடியைப் பிய்த்தது, கீத்தின் காலுறை இரண்டை இழுத்துப் போனது, மற்ற ஃபெரெட் எட்டிப்பார்த்தால் சீறியது. தினமும் ஜேனிஸ் அதன் அடிவயிற்றை விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்தாள். மே இருபத்தாறு வரை ஒன்றும் இல்லை.

"வரலன்னா?" என்றான் கீத்.

"அதப் பத்திப் பேசாத."

"இல்ல, பூனைக்குட்டிக்குக் கொடுக்கற பால் மாவு..."

"ரெண்டு மணிக்கொரு தடவ, கண்ணு தெறக்காத குட்டிக்கு, நீ சொட்டு மருந்துக் குழாய்ல ஊட்டப் போறியா? பத்துல ஒண்ணுகூடப் பொழைக்காது."

"ஊட்டுவேன்" என்றான் கீத்.

இருபத்தொன்பதாம் தேதி திங்கள், பள்ளிக்கு அரைப்பருவ விடுமுறை. காலை பதினோரு மணிக்கு ட்ரெவர் போன் செய்தார். மூன்று வாரத்தில் முதல் பேச்சு.

"ஆரம்பிச்சிட்டா."

"வரவா?"

"வேணாம். கூட ஆள் இருந்தா அவளுக்குப் பிடிக்காது."

ஒன்றரைக்கு இன்னொரு போன். "மூணும் வந்துட்டுது. மூச்சு வாங்குது இவளுக்கு. நாக்கு நீலமா இல்ல. டாக்டர் ஒரு நாள் குடிக்கட்டும்னு சொன்னாங்க, மொதப் பால்." பிறகு, "உன் பெட்டைக்கு?" என்றார்.

ஜேனிஸ் காலையிலேயே பார்த்திருந்தாள். ஒரு காம்பில் மட்டும் ஏதோ ஈரம் மாதிரி. பாலா, நெட்டில் நக்கிய ஈரமா என்று அவளுக்கே உறுதியில்லை.

"இன்னும் தெரியலய்யா. இருக்கலாம்."

"இருக்கலாம்" என்று திருப்பிச் சொன்னார் ட்ரெவர். இந்தப் பெண்பிள்ளை வாயில் அவர் இதுவரை கேட்டிராத சொல்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார். கம்பளித் தொப்பிக்குள் மூன்று குட்டி, சுண்டுவிரல் நீளம், இளஞ்சிவப்பு, அடியில் வெந்நீர்ப் பை. ஆள் தூங்கியதாகத் தெரியவில்லை. ஜேனிஸ் சமையலறைக் கதவைச் சாத்தி, மற்ற நான்கையும் கீத்தோடு மாடிக்கு அனுப்பியிருந்தாள். நெட்டிலின் படுக்கைத் துணியை எடுத்துக் குட்டிகளின் மேல் மெல்லத் தேய்த்தாள், வயிறு, முதுகு, வால். பிறகு ட்ரெவர் கையிலேயே கொடுத்தாள்.

"கூட்டுக்குள்ள வைக்காத. வாசலுக்கு வெளிய, ஒரு சாண் தள்ளி, தரையில வை."

"தரையிலயா? குளிரும்."

"குளிரட்டும். அப்பத்தான் கத்தும். கூட்டுக்குள்ள இருந்தா எவன் வச்சதுன்னு பாப்பா. வெளிய கத்தினா, என்னோடது விழுந்துட்டுதுன்னு நெனச்சு அவளே வந்து தூக்குவா. தூக்கினாத்தான் தாய்."

"தூக்கலன்னா?"

"நான் கைய வைக்கறேன். என்னக் கடிக்கட்டும்."

ட்ரெவர் முழங்காலிட்டார். ஒவ்வொன்றாக வைத்தார். மூன்றும் புழுபோல நெளிந்து, பறவைக் குஞ்சுபோலக் கீச்சிட்டன. கூட்டுக்குள் வைக்கோல் அசைந்தது. நெட்டிலின் தலை வெளியே வந்தது. முதல் குட்டியை முகர்ந்தது. பின்வாங்கியது. கூட்டுக்குள் போய்விட்டது.

ஜேனிஸ் கையைத் தரைக்குக் கொண்டுபோனாள். ட்ரெவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"அசையாதய்யா."

"செத்துப்போகும், ஜேனிஸ்."

"அசையாத."

கீச்சுச் சத்தம் கூடியது. ஒரு நிமிடம் இருக்கும் என்று ஜேனிஸ் சொல்கிறாள், ட்ரெவர் பத்து நிமிடம் என்கிறார். நெட்டில் மறுபடி வந்தது. இந்த முறை முகரவில்லை. முதல் குட்டியின் பிடரியைக் கவ்வியது. இதே கவ்வலில் ஒரு முயலின் கழுத்தை முறிக்கவும் அதற்குத் தெரியும். குட்டி சத்தத்தை நிறுத்தியது. உள்ளே போனது. உள்ளே என்ன நடந்தது என்று தெரியவில்லை. வெளியே மீதி இரண்டும் கத்திக்கொண்டிருந்தன. நெட்டில் காலி வாயோடு வந்து இரண்டாவதைத் தூக்கியது. பிறகு மூன்றாவதை. மூன்றாவது கொஞ்சம் நழுவி விழுந்தது, எரிச்சலோடு திரும்பக் கவ்விக்கொண்டது.

இருவரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கூட்டுக்குள் கீச்சுச் சத்தம் தேய்ந்து, பிறகு நின்றது.

"நின்னுடுச்சு" என்றார் ட்ரெவர்.

ஜேனிஸ் காதைக் கூட்டின் பக்கம் வைத்தாள். பிறகு நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். ட்ரெவரும் காதை வைத்தார். சப்புக்கொட்டும் ஓசை, மிகச் சின்னதாக, ஒன்றல்ல, பல.

"குடிக்குதுங்க" என்றார்.

"வாய் வச்சதும் சுரந்திருக்கு."

ட்ரெவர் தொப்பியை எடுத்து உள்ளே பார்த்தார். ஒரு குட்டி அதில் மூத்திரம் பெய்திருந்தது. அப்படியே தலையில் போட்டுக்கொண்டார்.

டச்சஸ் இரண்டு நாள் குட்டிகளைத் தேடியது. சோபா அடியில், ட்ரெவரின் காலணிக்குள், அடுப்புக்குப் பின்னால். மூன்றாம் நாள் தேடுவதை நிறுத்திச் சாப்பிட்டது. ஜூன் இரண்டாம் வாரம் டாக்டரிடம் போனபோது ட்ரெவர் கீத்தின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டு, "முன்னாடி எவ்வளவு மோசமா இருந்ததோ அவ்வளவு மோசமாத்தான் இருக்கு" என்றார். "இதவிட நல்ல சேதி என்கிட்ட இல்ல."

"இதுவே போதும் டாக்டரம்மா" என்றார் ட்ரெவர்.

இப்போது தினமும் மாலை நான்கு மணிக்கு ஜேனிஸ் வீட்டுக்கு வருகிறார். குட்டிகளுக்குக் கண் திறந்துவிட்டது. கோழி அரைத்ததைத் தின்று அதிலேயே படுத்துத் தூங்குகின்றன. ஒன்றைக் கீத் வைத்துக்கொள்வதாக இருக்கிறான், காரணம் எதுவும் சொல்லாமல். ஒன்று பள்ளி ஆசிரியை ஒருத்திக்கு. மூன்றாவது, கடுவன், ட்ரெவருக்கு.

போன வாரம் அந்தக் கடுவனை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "இவனுக்கு எப்பக் கத்தி வைக்கறது?"

"நல்லா வளரட்டும். அடுத்த பிப்ரவரி, மார்ச்."

"நாள நான் வாங்கறேன்."

"வாங்கு."

"ஏழு வாரத்த நான் எண்ணறேன்."

ஜேனிஸ் டீயைக் கலக்கினாள். "எண்ணு. எண்ணிட்டு என்கிட்ட ஒரு தடவ காட்டு."

"உன்கிட்டயா?" என்று கேட்டு ட்ரெவர் டீயை வாங்கிக்கொண்டார். "சரி. காட்டறேன்."